புரூஃபில் மாற்றிக்கொள்ளலாம்

சென்ற மாதம் சிறுசேரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னைத் தேடிக்கொண்டு செங்கற்பட்டுக்கு வந்தாள். பகலில் கம்ப்யூட்டர் வேலை, கம்பெனி பஸ்ஸில் போய்வருகிற நேரத்தில் தொடர்கதை எழுதுகிறாள், எல்லாம் போனிலேயே. ஒரு செயலி நடத்துகிறவர்கள் அவள் கதைகளை வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் அனுப்பியிருந்தார்களாம். கையெழுத்துப் போடுமுன் பழைய ஆள் யாரையாவது கேட்டுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறாள்.

முழு உரிமையையும் எழுதிக் கொடுத்துவிடாதே என்றேன். அது தெரியும் மேடம் என்றாள். எழுதியதற்கு ஒரு பிரதி கையில் வைத்துக்கொள் என்றேன். சிரித்தாள், இப்போதெல்லாம் பிரதி தானாகவே இருக்குமாம். எனக்குத் தெரிந்த இரண்டு பாடமும் காப்பி ஆறுவதற்குள் தீர்ந்துபோயிற்று. கிளம்பும்போது, "சொல்ல மறந்துட்டேன் மேடம், உங்க பழைய நாவல் ஒண்ணு இந்த ஆப்ல வந்திருக்கு" என்று போனை என் கையில் கொடுத்தாள். முதல் பக்கம் திறந்திருந்தது. இரண்டாவது வரியில் அந்தப் பெயர் இருந்தது.

நான் அவளுக்குச் சொல்லாத மூன்றாவது பாடம் ஒன்று உண்டு. அதைத்தான் எழுதுகிறேன். இது யாருக்காவது உதவும் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை.

நான் எழுத வந்தது ஆசையால் அல்ல. எழுபதுகளின் தொடக்கத்தில், தாலுகா ஆபீஸில் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த என் கணவருக்கு முப்பத்தெட்டு வயதில் வலது பக்கம் விழுந்துவிட்டது. தற்காலிக வேலைக்குப் பென்ஷன் கிடையாது. நான் அதுவரை பொழுதுபோகாமல் பத்திரிகைகளுக்கு நாலைந்து கதை அனுப்பி, இரண்டு வெளியாகி, அதைப் பக்கத்து வீடுகளில் காட்டிக்கொண்டு திரிந்தவள். அந்தத் திரிதல் ஒரே மாதத்தில் பிழைப்பாகிவிட்டது. கேட்டதையெல்லாம் எழுதினேன். ராசிபலன் எழுதினேன். சமையல் குறிப்பு எழுதினேன். ஒரு பெண்கள் பத்திரிகையில் வாசகிகளின் கேள்வி, டாக்டரின் பதில் இரண்டையும் நானே எழுதினேன்.

மாமல்லபுரத்தில் சிப்பி விற்கிற கடைக்காரர் ஒருவர் சுற்றுலாக்காரர்களுக்காகப் பதினாறு பக்க வழிகாட்டிப் புத்தகம் கேட்டார். பதினான்கு பக்கத்தில் விஷயம் தீர்ந்துவிட்டது. மீதி இரண்டு பக்கத்துக்கு, பாதி செதுக்கிக் கைவிட்ட ஒரு பாறையைப் பற்றி நானே ஒரு கதை கட்டிவிட்டேன்: அண்ணன் தம்பி இரண்டு சிற்பிகள், உளி ஒன்று, சண்டை. இரண்டு வருஷம் கழித்து அங்கே போனபோது ஒரு கைடு அந்தக் கதையை என்னிடமே சொன்னார். அந்தக் காலத்து மன்னன் பெயரையும் சேர்த்துச் சொன்னார். நான் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அச்சில் வந்தால் அது நடந்ததாகிவிடும் என்பதை அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

நிரந்தரமாகச் சோறு போட்டது மாத நாவல். மாதம் பிறந்தால் ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் தொங்கும் தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம். திருவல்லிக்கேணியில் ஒரு முதலாளி போட்டுக்கொண்டிருந்தார். எழுதுகிற பெண்கள் எல்லாரையும் 'சிஸ்டர்' என்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எழுதிய காகிதக் கட்டை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பார்; பக்கம் சரியாக இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். கதையைப் படிக்கமாட்டார். "கடைசியில யாரு சாவறாங்க, சிஸ்டர்?" என்று மட்டும் கேட்பார். அது அட்டைப் படம் போடுகிற ஓவியருக்காக. பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோயிற்று. மாதத்துக்கு ஒன்று என்று ஆனபின், அட்டைப் படம்தான் முதலில் வரும். படத்தையும் தலைப்பையும் முந்தைய மாதப் புத்தகத்தின் பின்னட்டையில் விளம்பரம் செய்துவிடுவார். நான் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தில் போய் முடிகிற மாதிரி ஒரு கதை எழுதவேண்டும். உரிமை முழுவதும் அவருக்கு என்று அச்சடித்த சீட்டு ஒன்று உண்டு. அதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும். மூன்று வருஷம் கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.

இனி என் வேலை முறையைச் சொல்லவேண்டும். தப்பு அங்கேதான் இருக்கிறது.

எனக்குக் கற்பனைப் பெயரில் எழுத வராது. நிஜமான ஒரு ஆளை மனதில் வைத்து, அவர் பெயரையே போட்டு எழுதினால்தான் அவர் குரல் காதில் விழும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். எழுதிய பக்கங்களை, சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் காலையில் அச்சகத்தில் சேர்ப்பார். பிழை திருத்துவதற்கான புரூஃப் வந்தால் மாலையில் கொண்டுவருவார். புரூஃபில்தான் பெயர்களை மாற்றுவோம். அது என் கணவர் வேலை. இடது கையால் எழுதப் பழகியிருந்தார். ஈயத்தில் கோத்த வரி குலையக்கூடாது என்பதால் ஐந்தெழுத்துப் பெயரை எடுத்தால் ஐந்தெழுத்துப் பெயரே வைக்கவேண்டும். இல்லாவிட்டால் அச்சகத்து ஃபோர்மேன் கத்துவார். கணவர் ஒரு நோட்டில் இடது பக்கம் நிஜப் பெயர், வலது பக்கம் அதே அளவில் மாற்றுப் பெயர் என்று எழுதிவைத்து, ஒவ்வொரு வரியாகத் திருத்துவார். படுக்கையில் கிடந்த மனுஷருக்கு மாதத்தில் நாலு நாள் அது ஒரு உத்தியோகம்.

எதற்காகக் கடைசி நேரத்தில் பெயர்களை மாற்றுகிறோம் என்று அச்சகத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் முதலாளி அட்டையில் 'உண்மைச் சம்பவம்' என்று போட்டுவிடுவார் என்று பயம். இந்த அம்மாவுக்கு மனசு மாறிக்கொண்டே இருக்கும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து ஒரு பெண் சந்தை நாளில் செங்கற்பட்டுக்குக் கருவாடு கொண்டுவருவாள். குப்பத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை சொன்னது போதும். அவளை இங்கே தேசம்மாள் என்கிறேன். அது அவள் பெயர் இல்லை. சந்தை கலைந்ததும் கூடையை எங்கள் வாசலில் இறக்கிவைத்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, பஸ் நேரம் வரை உட்கார்ந்திருப்பாள். என் வயதுதான். புருஷன் கடலில் போய்விட்டான் என்று சொல்லியிருந்தாள். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு அவர்கள் ஊரில் ஒரு பங்கு உண்டு. கரை சேரும் மீனில் அந்த வீட்டுக்கு என்று எடுத்துவைப்பார்கள். அந்தப் பங்கிலும் கருவாட்டிலும் ஒரே மகளை வளர்த்துவந்தாள்.

ஒருநாள் நான் கணவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து உட்கார்ந்து, காரணமில்லாமல் அழுதுவிட்டேன். அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னாள். புயலில் மூன்று பேர் போனார்கள். இரண்டு உடல்தான் கரை ஒதுங்கிற்று. ஊர் கூடிக் கருமாதி செய்து, தாலியை வாங்கி, பங்கு எழுதிக் கொடுத்தது.

"மூணு வருசம் கழிச்சி கருவாட்டு யாவாரி ஒர்த்தன் சொன்னான், காக்கிநாடா பக்கம் உன் வூட்டுக்காரன் மாரியே ஒர்த்தன் கீறான்னு. திருப்பதிக்கு வேண்டுதல்னு சொல்லிட்டுப் போனேன். வாசல்ல ஒக்காந்து வலை தெச்சிகினு இருந்தாரு. மடியில ஒரு கொழந்த. என்னப் பாத்தாரு. நானும் பாத்தேன். ஒண்ணும் பேசல. நான் மெதிச்சிடப் போறேன்னு வலைய மட்டும் கொஞ்சம் நவுத்திக்கினாரு."

திரும்பி வந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பொய்ப் பங்கு தின்றவள் ஆகிவிடுவாள். உயிரோடு இருக்கிற புருஷனுக்குத் தாலி அறுத்தவளின் மகளை அந்தக் கரையில் யார் கட்டுவார்கள்? மகளுக்கு அதே குப்பத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. தையில் கல்யாணம்.

"அவ களுத்துல ஒண்ணு ஏற வரிக்கும் இது உன் வயித்துலயே இருக்கணும்," என்றாள். சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அந்த ஐப்பசியில் கணவருக்கு மறுபடியும் உடம்புக்கு வந்தது. ஒரு மாதம் நாவல் கொடுக்கமுடியவில்லை. அடுத்த மாதமும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக முதலாளி சாந்தமாகச் சொல்லி அனுப்பினார். கூடவே அட்டைப் படமும் வந்தது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் கடலுக்குள் நடந்துபோகிறாள். நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். வேறு கதை எதுவும் வரவில்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. வேறு எதையும் நான் தேடவில்லை. பெயரை மாற்றிவிடப் போகிறோம், குப்பத்தை மாற்றிவிடப் போகிறோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தேன்.

பன்னிரண்டு நாளில் முடிந்தது. என் வாழ்நாளில் எழுதியதில் அது ஒன்றுதான் நல்ல எழுத்து. அவள் பெயரை எழுதியதும் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள், நான் எழுதிக்கொண்டுதான் போனேன். காக்கிநாடா வாசலும் வலையும் அப்படியே வந்தன. கடைசி அத்தியாயத்தில் மட்டும், படம் கேட்டபடி, அவளைக் கடலுக்குள் அனுப்பினேன். கணவர் நோட்டில் புதுப் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு புரூஃபுக்குக் காத்திருந்தார்.

புரூஃப் வரவில்லை. ஆசிரியர் பிரதி ஐந்து, கட்டாக வந்தது. கணவர்தான் முதலில் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார். புத்தகத்தை மார்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "பேரு மாறலையே" என்றார்.

அடுத்த ரயிலில் திருவல்லிக்கேணிக்குப் போனேன். காகிதம் கிடைக்காத காலம் அது, மின்வெட்டும் சேர்ந்துகொண்டது. காகிதம் வந்திறங்கியதும், புரூஃபுக்குக் காத்திராமல் கரண்ட் போவதற்குள் அச்சடித்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஃபோர்மேன் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். அச்சேறுமுன் எல்லாப் பக்கத்தையும் தானே உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டதாகவும், என் கையெழுத்தில் இருந்ததற்கு ஒரு புள்ளி மாறவில்லை என்றும் சொன்னார். உண்மைதான். அவ்வளவு சுத்தமாக என் புத்தகம் எதுவும் வந்ததில்லை.

முதலாளியிடம் பெயரை மாற்றவேண்டும் என்றேன். கட்டுகள் ரயிலில் போய்விட்டன என்றார்.

"பேருல இன்னா இருக்குது சிஸ்டர்?" என்றவர், கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "நெஜமா நடந்த கதையா?"

யார் சாகிறார்கள் என்பதைத் தவிர, மூன்று வருஷத்தில் என் கதையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஆமாம் என்றால் அடுத்த மாதப் பின்னட்டையில் அது ஏறிவிடும். இல்லை, சொந்தத்தில் அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், சங்கடப்படுவார் என்றேன். சிரித்துக்கொண்டு, சொந்தக்காரர்கள் எங்கே சிஸ்டர் நாவல் படிக்கிறார்கள் என்றார்.

பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நேரே குப்பத்துக்குப் போய் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். அவளாவது ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருப்பாள். நான் அதைச் செய்யாமல், மாத்திரைக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு புத்தகம் வாங்கப் போனேன். செங்கற்பட்டு ஸ்டேஷன் கடை, பஸ் ஸ்டாண்டில் இரண்டு கடை, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், கல்பாக்கம். கல்பாக்கத்தில் அப்போது பெரிய கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது. வேலைக்கு வந்தவர்கள் மாத நாவலாக வாங்கித் தள்ளுவார்கள். தொங்கினதெல்லாம் வாங்கினேன். ஒரு கடைக்காரர், அப்படி என்னம்மா இந்தக் கதையில் இருக்கிறது என்று கேட்டார். கல்பாக்கத்தில் நின்றபோது தெற்கே அந்தக் குப்பத்துப் பனைமரங்கள் தெரிந்தன. நடந்தால் அரைமணி. கையில் பை கனத்தது. திரும்பி பஸ் ஏறிவிட்டேன்.

கணவர் கட்டிலுக்கு அடியில் புத்தகங்களை அடுக்கினேன். அந்த வாரம் சந்தைக்குத் தேசம்மாள் வந்தாள். வழக்கம்போலத் தண்ணீர் குடித்தாள். மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என்னையும் கூட வரச் சொன்னாள். வருகிறேன் என்றேன். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டிலுக்கு நாலு அடி. அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து முதலாளியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'தங்கள் ஊர்ப் பக்கம் சக்கைப்போடு போடுகிறது. ஒரு பிரதிகூடத் திரும்பவில்லை. எல்லாக் கடையிலும் மீண்டும் கேட்கிறார்கள். கோத்த ஈய எழுத்தைப் பிரிக்காமல் வைத்திருந்ததால் மறுபடி அடித்து, மொத்தமும் அந்தப் பக்கமே அனுப்பிவிட்டோம். சிஸ்டருக்கு வாழ்த்துகள்.'

வேறு எந்த ஊரிலும் அந்தப் புத்தகம் பாதிகூடப் போகவில்லை. விற்காதது திரும்பும், விற்றால் இன்னும் வரும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவில்லை. நான் வாங்கியதற்கு இரண்டு மடங்கு அந்தக் கடற்கரைக்கு நானே வரவழைத்துவிட்டேன்.

இரண்டு சந்தைக்கு அவள் வரவில்லை. மூன்றாவது சந்தையன்று மத்தியானம் வந்தாள். கூடை இல்லை. தண்ணீர் கேட்கவில்லை. கல்பாக்கத்து டீக்கடையில் குப்பத்து ஆள் ஒருவன் படித்திருக்கிறான். குப்பத்துப் பெயரைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்து உரக்கப் படித்திருக்கிறான். ஊர்க் கூட்டத்தில் நிறுத்தி, இது நிஜமா என்று கேட்டார்களாம். இவள் பொய் சொல்லவில்லை. பங்கு நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மகளோடு வடக்கே எங்கேயோ போகப் போவதாகச் சொன்னாள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லப்போகிறாள்?

நான் அவள் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"ஊரே படிச்சிச்சி. நான் மட்டுந்தான் படிக்கல," என்றாள். "படி."

படித்தேன். தொண்ணூற்றாறு பக்கமும் படித்தேன். அவள் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் எனக்கு நாக்கு புரளவில்லை, அவள் காத்திருந்தாள். வலையை நகர்த்திக்கொண்ட இடத்தில் மட்டும் தலையை ஆட்டினாள். பஸ் போயிற்று. கடைசிப் பக்கம் முடிந்தபோது அவள் குழம்பினவளாக என்னைப் பார்த்தாள்.

"நான் செத்துட்டனா?"

"அது கதைதானே தேசம்மா."

"மத்ததுல்லாம் நடந்தா மாரியே எழுதிக்கீற. இத்த மட்டும் ஏன் மாத்தின?"

என்னிடம் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அட்டைப் படத்தை முன்னாலேயே போட்டுவிட்டார்கள் என்றேன். புத்தகத்தை வாங்கித் திருப்பி, வெள்ளைச் சேலைக்காரியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இதுக்கோசரம்," என்றாள்.

கட்டிலில் இருந்து என் கணவர் நோட்டை நீட்டினார். வேறு பெயர் எழுதிவைத்திருந்தேன் அம்மா, இதோ பாருங்கள் என்றார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அது யார் பெயர் என்று கேட்டாள். யாருடையதும் இல்லை என்றார். நோட்டைத் தொடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"இதுல என் பேரு எங்க கீது, காட்டு."

முதல் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினேன். கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரம் செய்துகொண்டு அந்த இடத்தைத் தேய்த்தாள். அச்சு மை எச்சிலுக்கெல்லாம் போகாது. நிதானமாக, பாத்திரத்தில் கறை தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். காகிதம் நைந்து ஓட்டை விழுந்தது. புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. தேடிப் போகவும் இல்லை.

அதற்கப்புறமும் இருபது வருஷம் எழுதினேன். வயிறு இருக்கிறதே. அந்த மாதத்திலிருந்து முதல் வரியிலேயே பொய்ப் பெயர் போட்டு எழுதினேன். ஒருவர் குரலும் காதில் விழவில்லை. செத்த எழுத்து. முதலாளி எப்போதும்போல உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டார். வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. கணவர் போன பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஒழிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சிறுசேரிப் பெண்ணிடம், இதில் ஒரு பெயரை மட்டும் மாற்றமுடியுமா என்று கேட்டேன். ஒரு நிமிஷ வேலை, நாவல் முழுக்க ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றாள். ஆனால் உரிமைக்காரர்கள் சொல்லவேண்டுமாம். நான் உரிமைக்காரி இல்லை. முதலாளி போய்விட்டார். அவர் போட்ட புத்தகங்களையெல்லாம் மொத்தமாக யாரோ வாங்கி, அவர்களிடமிருந்து வேறு யாரோ வாங்கியிருக்கிறார்கள். செயலிக்காரர்களுக்கு மூன்று கடிதம் எழுதிவிட்டேன். இதுவரை பதில் இல்லை.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவள் போனைக் கொடுத்தபோது அந்தப் பெயர்மேல் என் கட்டை விரலை வைத்துத் தேய்த்தேன். என்னையறியாமல்தான். கண்ணாடிக்கு அடியில் பக்கம் நகர்ந்து அடுத்த பக்கம் வந்தது. அதிலும் அவள் இருந்தாள்.